வெர்லீன் டிலரியின் 'இல்லை'

கார்விக் நகரத்தில் ஹோபர்ட் தெரு முனையில் பியூட்டி பார்லர் வைத்திருந்த வெர்லீன் டிலரிக்கு மாதம் முழுக்கக் கையில் வேலை. மூன்றாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் வாயில் வேலை. அன்றைக்கு நேரத்தோடு கடையைச் சாத்துவாள். சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் ஊதாத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாரியக் கூட்டத்துக்குப் போவாள். பெயரைக் கூப்பிடுவார்கள். "இல்லை" என்பாள். வீட்டுக்கு வந்துவிடுவாள். பதினேழு வருஷம் இதைச் செய்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் இல்லை என்று சொன்னதெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது.

கார்விக்கின் பள்ளிக்கூடங்களை மாநில அரசு ஊர் வாரியத்திடமிருந்து பிடுங்கிக்கொண்ட காலம் அது. பிடுங்க இடம் கொடுத்ததும் ஊர்தான், அதை மறைத்துப் பேசிப் புண்ணியமில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட வந்த பணத்தில் வாரியத்துக்காரர் ஒருவர் தன் வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டார். இன்னொருவருடைய மச்சான், மச்சினி எல்லாரும் ஆளுக்கொரு நாற்காலியில் அதிகாரியாக உட்கார்ந்தார்கள். ஹோபர்ட் மேல்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் மழைநாளில் ஒழுகும் தண்ணீர் பிடிக்கும் வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தார்கள். படித்தார்கள் என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். ஆனால் தலைநகரத்திலிருந்து காரில் வந்து இறங்கியவர்கள் வாரிய அலுவலகத்தின் பூட்டை மாற்றின அன்று, ஊரில் ஒருவருக்கும் அந்த வாளிகள் ஞாபகத்துக்கு வரவில்லை. நம் பிள்ளைகளை வளர்க்க நமக்கே தெரியாதாமே என்றுதான் வீட்டுக்கு வீடு குமுறினார்கள்.

வெர்லீனுக்கு அதில் சொந்தக் கணக்கு ஒன்றும் இருந்தது. அவள் அப்பா ஜார்ஜியாவில் பருத்திக் காட்டை விட்டு ரயிலேறி வந்தவர். அங்கே ஓட்டுப் போடப் போனபோது, கறுப்பனுக்கு ஓட்டா என்று வாசலிலேயே துப்பாக்கியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். வாழ்க்கையில் அவர் முதன்முதலாக ஓட்டுப் போட்டது கார்விக்கில், இந்தப் பள்ளிக்கூட வாரியத்தின் தேர்தலில். அன்றைக்குக் கட்டிக்கொண்டு போன டையைத் தேர்தலுக்குத் தவிர வேறெதற்கும் அவர் கட்டவில்லை. சவப்பெட்டியில் அதைத்தான் கட்டிவிட்டார்கள். அந்த வாரியத்தைத்தான் கலைத்துவிட்டு, பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொள்ள கெல்லர்மன் என்று ஓர் அதிகாரியை அரசு அனுப்பியது. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பருத்திக் காட்டில் தலைக்கு மேல் நிற்கிறவனுக்கு என்ன பெயரோ அதையே வைத்தார்கள்: கங்காணி.

ஊர்க்காரர்களை ஒரேயடியாகத் தள்ளிவைத்தால் நன்றாயிருக்காது என்று, ஒன்பது பேர் கொண்ட ஆலோசனை வாரியத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள அரசு விட்டது. அவர்கள் ஆலோசனை சொல்லலாம், ஓட்டுப் போடலாம். கங்காணிக்குப் பிடிக்காவிட்டால் அதைத் தள்ளிவிட்டுத் தன் தீர்மானத்தை நிறைவேற்றிக்கொள்ளலாம். வெர்லீன் அப்பாவின் டையை நினைத்துக்கொண்டு தேர்தலில் நின்றாள். அவள் கையில் சீவி முடிந்த தலைகளே அவளை ஜெயிக்க வைத்துவிட்டன.

வாரியத்துக்குத் தலைவர் டீக்கன் ஆம்ப்ரோஸ் ராய்ஸ்டர். தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், சர்ச்சில் மூத்தவர், ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். முதல் கூட்டத்துக்கு முன்னால் ஒன்பது பேரையும் கூட்டிவைத்து, நாம் சொல்வது செல்லாது என்றால் சொல்வதையாவது சேர்ந்து சொல்வோம் என்றார். கங்காணி எதைக் கொண்டுவந்தாலும் ஒன்பது பேரும் இல்லை என்பது. நல்லதோ கெட்டதோ, இல்லை. ஊரைக் கேட்காமல் வந்ததற்கு ஊரின் பதில் அது ஒன்றுதான்.

அப்படி வந்தது வழக்கம். எழுத்தர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ஆளாளுக்கு இல்லை என்பார்கள். கடைசிப் பெயர் டிலரி. வெர்லீன் கொஞ்சம் நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சர்ச்சில் பாட்டை முடித்துவைக்கிற மாதிரி இழுத்து "இல்லை" என்பாள். அதற்காகவே பின்வரிசையில் ஆட்கள் காத்திருப்பார்கள். "அப்படிச் சொல்லு!" என்று ஒரு குரல் வரும். கங்காணி முகத்தில் எதையும் காட்டாமல், "வாரியத்தின் ஆலோசனைக்கு நன்றி. தீர்மானம் நிறைவேறியது" என்பார். பிறகு எல்லாரும் நடைக்கு வந்து, சர்ச்சுப் பெண்கள் கொண்டுவந்த வறுத்த மீனை ரொட்டிக்குள் வைத்துக் காரம் ஊற்றிச் சாப்பிடுவார்கள். கங்காணியும் ஓரமாக நின்று ஒன்று சாப்பிடுவார். மீன் விஷயத்தில் யாரும் அவருக்கு இல்லை சொன்னதில்லை.

நாள்பட நாள்பட அந்த 'இல்லை' சௌகரியமாகிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கொதிகலன் வேண்டும் என்றால் நடையில் கங்காணியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்பார்கள். அவர் தீர்மானமாகக் கொண்டுவந்தால் உள்ளே உட்கார்ந்து இல்லை என்பார்கள். அவர் நிறைவேற்றுவார். பிள்ளைகளுக்குச் சூடும் கிடைத்தது, இவர்களுக்கு ரோஷமும் மிஞ்சியது. யார் கை சுட்டது இதில்?

இந்தச் சமயத்தில்தான் டாக்டர் லெனோர் விட்காம் என்ற அம்மாள் ஹோபர்ட் மேல்நிலைப்பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார். ஒஹையோ மாநிலத்துக்காரர். கங்காணி தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவர் என்பதால் ஊருக்கு ஆகவில்லை. நம் நிறம்தான், ஆனால் சாப்பாடு கங்காணி வீட்டில் என்று பார்லரில் பேசிக்கொண்டார்கள். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. காலையில் பள்ளி வாசலில் நிற்பார். வராத பிள்ளையின் வீட்டுக்குச் சாயங்காலம் தானே போய்க் கதவைத் தட்டுவார். திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்துகொள்வார். கோழிக்கறிக் கடை வாசலில் நேரம் போக்கிக்கொண்டிருந்த பையன்கள் அந்த அம்மாளின் காரைக் கண்டால் பின்பக்கமாக ஓடினார்கள். கொஞ்ச நாளில் ஓடுவது அலுத்துப்போய், பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார்கள்.

அப்படி அவர் தட்டின கதவுகளில் ஒன்று வெர்லீன் வீட்டுக் கதவு. தங்கை இறந்தபின் அவள் மகள் கிவானாவை வெர்லீன்தான் வளர்த்தாள். பதினாறு வயதில் கைக்குழந்தையோடு கிவானா படிப்பை விட்டிருந்தாள். விட்காம் உள்ளே வந்து உட்கார்ந்து, வெர்லீனை ஒரு வார்த்தை கேட்காமல் நேராகக் கிவானாவிடம், குழந்தையை எங்கே விட்டால் பள்ளிக்கு வருவாய் என்று கேட்டார். பக்கத்திலேயே இருந்தால் வருவேன் என்றாள் கிவானா. அடுத்த பருவத்திலேயே பள்ளியில் ஒரு அறையில் தொட்டில்கள் வந்துவிட்டன. பதினோரு பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்தத் தொட்டில் அறைக்கான தீர்மானம் வாரியத்துக்கு வந்தபோது வெர்லீன் வழக்கம்போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இல்லை என்றாள்.

அந்தச் சனிக்கிழமைதான் விட்காம் முதன்முதலாகப் பார்லருக்கு வந்தார். பிறகு வாராவாரம் அதே நாற்காலி. சுருள்முடியை நேராக்கும் சூட்டுச் சீப்பு காதோரம் வரும்போதுகூட அசையாத ஆள். கண்ணாடியில் வெர்லீனைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை எனக்கு இல்லைன்னு சொன்னீங்களாமே?" என்று கேட்பார். "உங்களுக்கு எங்க சொன்னேன்? அவருக்குச் சொன்னேன். தலையை ஆட்டாதீங்க" என்பாள் வெர்லீன். இரண்டு பேரும் சிரிப்பார்கள். வெர்லீனுக்கு அவரைப் பிடித்திருந்தது. வாயைத் திறந்து சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பள்ளிகளின் மதிப்பெண் மெல்ல ஏறியது. ஊரும் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டார்கள், தலைநகரத்துக்குப் பேருந்து பிடித்துப் போய்ச் சட்டசபைப் படிக்கட்டில் நின்று பாடினார்கள். கடைசியில் அரசு இறங்கி வந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தரமாட்டோம், ஒவ்வொன்றாகத் தருகிறோம் என்றது. முதலில் ஆட்களை நியமிக்கும், நீக்கும் அதிகாரம். அதை ஒழுங்காகச் செய்தால் அப்புறம் பண நிர்வாகம். அதற்கான கடிதம் வந்து சேர்ந்த அன்று ஹோபர்ட் தெருவில் கார்களெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. வெர்லீன் அன்றைக்கு வந்த தலைகளுக்கெல்லாம் பாதி விலைதான் வாங்கினாள்.

டீக்கன் ஒரு யோசனை சொன்னார். கடிதத்தை அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கவேண்டும். அது கூட்டத்தின் கடைசியில். அதற்கு முன்னால், பழைய முறையில், கங்காணியின் தீர்மானங்களுக்குக் கடைசித் தடவையாக ஒன்பது பேரும் இல்லை சொல்லி வழியனுப்ப வேண்டும். அவர் வழக்கம்போல நிறைவேற்றிவிட்டு உட்காரட்டும். பிறகு கடிதம், பாட்டு, மீன். எல்லாருக்கும் பிடித்திருந்தது. அன்றைய தீர்மானங்களில் விட்காமின் பணி நீட்டிப்பும் இருந்தது. வெர்லீன் சனிக்கிழமை அவர் தலையை அலசும்போதே சொல்லிவைத்தாள்: "கடைசித் தடவையா ஒரு இல்லை சொல்லப்போறேன். நல்லா உரக்கச் சொல்லுவேன், காதைப் பொத்திக்குங்க." விட்காம் சிரித்தார்.

பாடுவதற்குச் சின்னப் பிள்ளைகளை வரவழைத்திருந்தார்கள். அதில்தான் வந்தது வினை. கூட்டம் தொடங்குவதற்குள்ளேயே பாதிப் பிள்ளைகளுக்குத் தூக்கம் சொக்கியது, ஒன்று அழ ஆரம்பித்தது. அம்மாக்கள் டீக்கனிடம் வந்து, பாட்டை முன்னால் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார்கள். அதற்கென்ன என்று டீக்கன் கடிதத்தையும் பாட்டையும் முன்னால் நகர்த்திவிட்டார். எழுத்தர் கடிதத்தை வாசித்தார். இந்தக் கடிதம் கூட்டத்தில் வாசிக்கப்படும் நிமிஷத்திலிருந்து அதிகாரம் வாரியத்தைச் சேரும் என்ற வரி வந்தபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது. வெர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் டை ஞாபகம்.

பிள்ளைகள் பாடிவிட்டுப் போனார்கள். தீர்மானங்கள் வந்தன. விட்காமின் பெயர் வாசிக்கப்பட்டது. எட்டுப் பேர் இல்லை என்றார்கள். வெர்லீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். மூன்றாவது வரிசையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்த விட்காமைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தாள். அப்புறம் இழுத்து, "இல்லை" என்றாள். பின்வரிசை வழக்கம்போல ஆர்ப்பரித்தது.

எல்லாரும் கங்காணியைப் பார்த்தார்கள். கெல்லர்மன் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கன் தொண்டையைக் கனைத்து, நீங்கள் சொல்லவேண்டியதைச் சொல்லலாமே என்று ஞாபகப்படுத்தினார்.

"இனிமே அது என் வேலை இல்லீங்க, டீக்கன்," என்றார் கெல்லர்மன். "நீங்க தீர்மானிச்சிட்டீங்க."

முன்வரிசைக்குப் புரிந்துவிட்டது: கடிதம் வாசித்தாயிற்று, இனி இவர்கள் சொல்கிற இல்லை நிஜமாகவே இல்லைதான். பின்வரிசைக்கு வேறுவிதமாகப் புரிந்தது. கங்காணி கொண்டுவந்த ஆளை ஊர் நிஜமாகவே வெளியே அனுப்பிவிட்டது என்று எழுந்து குதித்தார்கள். பத்திரிகைக்காரர் டீக்கனைப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் டீக்கன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அது வெற்றிக்குத் தூக்கின கை என்று மறுநாள் பத்திரிகை போட்டது. உண்மையில் கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்லித் தூக்கின கை அது. வெர்லீன் மூன்றாவது வரிசையைத் தேடினாள். அந்த இருக்கை காலியாக இருந்தது.

சனிக்கிழமை விட்காம் வழக்கமான நேரத்துக்கே வந்தார். வெர்லீன் சூட்டுச் சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். வேண்டுமென்றே செய்யவில்லை என்று தொடங்கினாள். தெரியும் என்றார் விட்காம். வக்கீலிடம் கேட்டாராம். அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைத் திரும்ப எடுத்து மறுபடி ஓட்டுக்கு விடலாம். ஆனால் ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்ட ஒருவர்தான் கையைத் தூக்கிக் கேட்கமுடியும். பழைய விஷயம் ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்கும்போதே கேட்டுவிட வேண்டும். அந்தக் கூட்டம் தாண்டினால் முடிந்தது.

"ஒஹையோவுல எனக்கு வேலை இருக்கு, மிஸ் வெர்லீன். கூப்பிட்டுட்டே இருக்காங்க," என்றார். "ஆனா அந்தத் தொட்டில் ரூமை விட்டுட்டுப் போக மனசில்லை. ஒன்பது பேர் வீட்டுக் கதவையும் நான் போய்த் தட்டமாட்டேன். உங்க ஒருத்தர்கிட்டதான் கேக்கறேன்."

"தூக்கறேன். என் கையைத் தூக்கறேன்," என்றாள் வெர்லீன்.

வாரியத்தில் நெரெய்டா கொலோன் என்று ஒரு பெண். நான்கு கடை தள்ளி ரொட்டிக்கடை நடத்தும் புயர்த்தோ ரீக்கோக்காரி. வெர்லீன் அன்றைக்கே அவளிடம் போய்ச் சொன்னாள். நீ கையைத் தூக்கு, நான் வழிமொழிகிறேன், மற்றவர்கள் நம் முகத்தைப் பார்த்துச் சரி என்றுவிடுவார்கள் என்றாள் நெரெய்டா. வெர்லீனுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் டீக்கன் பார்லருக்கு வந்தார். பெண்கள் கடைக்குள் வருகிற ஆளில்லை அவர். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, முடி உலர்த்தும் நாற்காலியில் கூச்சத்தோடு உட்கார்ந்தார். நெரெய்டா கடையில் காபி குடிக்கும்போது விஷயம் காதில் விழுந்ததாம்.

"தப்பு நடந்துபோச்சு, சிஸ்டர். நான்தான் பண்ணினேன். பிள்ளைங்க தூங்கிடுமேன்னு பார்த்தேன்," என்றார். "ஆனா யோசிச்சுப் பாரு. பண நிர்வாகத்தை நம்மகிட்டக் குடுக்கலாமா வேண்டாமான்னு பார்க்க நாளைக்குத் தலைநகரத்துலேர்ந்து நாலு பேர் வந்து உட்காரப்போறாங்க. கையில குடுத்த முதல் நாளே தெரியாமப் பண்ணிட்டோம்னு அவங்க முன்னாடி நாமளே சொல்லணுமா? என்ன ஓட்டுப் போடறோம்னுகூடத் தெரியாதவங்கன்னு எழுதுவாங்க. இத்தனை வருஷமா அவங்க சொன்னதும் அதைத்தானே?"

தலைமையாசிரியர் இன்னொருத்தர் கிடைப்பார், பள்ளிக்கூடங்கள் ஊர் கையைவிட்டுப் போனால் நம் ஆயுசில் திரும்பாது என்றார் டீக்கன். வாசல்வரை போய்த் திரும்பி, "உங்க அப்பாவும் நானும் ஒரே நாள்தான் ஓட்டுப் போட்டோம்," என்றார். மிரட்டவில்லை, கெஞ்சவுமில்லை. அதுதான் வெர்லீனை அடித்துப்போட்டது.

மறுநாள் கூட்டத்தில் அந்த நாலு பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். விட்காம் வரவில்லை. டீக்கன் ஒவ்வொன்றாக நடத்திக்கொண்டு வந்து, பழைய விஷயம் ஏதாவது உண்டா என்று கேட்டார். வெர்லீனின் கை மேஜைமேல் இருந்தது. நெரெய்டா அந்தக் கையையே பார்த்தாள். வெர்லீன் கையைத் தூக்கவேண்டும் என்றுதான் நினைத்தாள். அப்பா நினைவுக்கு வந்தார், அந்த நாலு பேர் கையிலிருந்த பேனாக்கள் கண்ணில் பட்டன, கை எழவில்லை. டீக்கன் வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார். அவரும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நெரெய்டா பிற்பாடு சொன்னாள். யாராவது என் பேச்சைத் தட்டிவிட்டுக் கையைத் தூக்க மாட்டார்களா என்று அவரே ஏங்கினாரோ என்னவோ. இல்லையென்றால் அடுத்ததுக்குப் போகலாம் என்றார் கடைசியில். போனார்கள்.

வெர்லீனைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. ஆனால் வேண்டாததற்கெல்லாம் அவ்வளவு உரக்கத் திறந்த வாய் அது. வேண்டிய ஒரு தடவை திறக்கவில்லை. அதைப் பாவம் என்று சொல்லித் தப்பவைக்க முடியாது.

விட்காம் பள்ளி முடிந்ததும் ஊரை விட்டுப் போனார். போவதற்கு முந்தின சனிக்கிழமை வெர்லீன் அந்த நாற்காலியை யாருக்கும் கொடுக்காமல் மத்தியானம்வரை வைத்திருந்தாள். அவர் வரவில்லை. வாரியம் புதிதாக நியமித்தவர் கெட்டவரில்லை. ஆனால் அவர் எந்தக் கதவையும் தட்டவில்லை. ஊர் நிர்வாகத்துக்கு மாறுவதற்கென்று தனி அலுவலகம் ஒன்று தேவைப்பட்டது, அதற்கு அறை வேண்டியிருந்தது. தொட்டில்களை அடித்தளத்தில் அடுக்கினார்கள். கிவானா குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் பனிக்காலம்வரை பள்ளிக்குப் போய்வந்தாள். அப்புறம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்துக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வெர்லீனை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நாலு வருஷம் கழித்து எல்லா அதிகாரமும் ஊருக்குத் திரும்பி வந்தது. டீக்கன் சொன்னபடியே நடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஹோபர்ட் பள்ளி மண்டபத்தில் பெரிய விழா வைத்தார்கள். அதற்குள் மூன்றாவது தலைமையாசிரியர் வந்திருந்தார். வெர்லீனை மேடைக்குக் கூப்பிட்டு, ஒருநாளும் வளைந்து கொடுக்காதவர் என்று பொறித்த பித்தளைத் தகடு ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். கிவானா கிடங்குச் சீருடையிலேயே வந்து, கடைசி வரிசையில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விழா முடிகிற நேரம், பழைய நாட்களின் ஞாபகமாக டீக்கன் மேஜையைத் தட்டி, வாரியத் தோரணையில், "சபையோரே, பழைய விஷயம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மீன் வாசனை நடையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

வெர்லீன் தகட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து கையைத் தூக்கினாள்.

வழக்கமான 'இல்லை'யைத்தான் ஒருமுறை இழுத்துக் காட்டப் போகிறாள் என்று பின்வரிசை தயாரானது. அவள் தொப்பியைத் தொடவில்லை. "டாக்டர் விட்காமை நீட்டிக்க வேண்டாம்னு போட்ட தீர்மானத்தைத் திரும்ப எடுக்கணும்னு கேக்கறேன்," என்றாள். நெரெய்டா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நான் வழிமொழியறேன்," என்றாள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. கிவானா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

டீக்கன் ஒலிபெருக்கியைவிட்டு விலகி நின்றார். அவ்வளவு பெரிய குரல் அன்றைக்கு முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது.

"அது இப்போ முடியாதே, சிஸ்டர்."

"தெரியும், டீக்கன்," என்று சொல்லிவிட்டு வெர்லீன் உட்கார்ந்தாள்.